வீட்டில் செய்த பிளாஸ்டிக் ரேசரை முகத்தில் வைப்பதற்கு முன்

தாடைக்குக் கீழே இடது பக்கம் எனக்கு ஒரு மெல்லிய தழும்பு உண்டு. நானே வரைந்து, 3டி பிரிண்டரில் நானே அச்சிட்ட முதல் ரேசர் போட்ட கோடு அது. அச்சு முடிந்த சூடு ஆறுவதற்குள் பிளேடைப் போட்டுக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். அந்த அவசரத்துக்குக் கிடைத்த கூலி. இப்போது நான் மழிப்பது நான்காவது ரேசரில். முந்தைய மூன்றும் மூன்று விதமாகக் காலை வாரின. அதனால் ரேசர் செய்வதைப் பற்றிக் கொஞ்சமும், செய்ததை நம்பலாமா என்று பார்ப்பதைப் பற்றி நிறையவும் சொல்கிறேன்.

முதலில் பிளேடைப் புரிந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கூர் உள்ள சாதாரண பிளேடு 43 மி.மீ. நீளம், 22 மி.மீ. அகலம், தடிமன் வெறும் 0.1 மி.மீ. ஆதரவு இல்லாமல் கன்னத்தில் வைத்தால் ஓலை மாதிரி படபடக்கும். ரேசரின் தலையில் மூடி, அடித்தட்டு என்று இரண்டு பாகங்கள், நடுவில் பிளேடு. மூடியின் அடிப்புறம் குழிந்திருக்கும், அடித்தட்டின் மேற்புறம் குவிந்திருக்கும். கைப்பிடியை முறுக்க முறுக்க இரண்டும் நெருங்கி பிளேடை வில்லாக வளைக்கும். செய்தித்தாளை நுனியில் பிடித்தால் தொங்கிவிடும். நீளவாக்கில் சற்றுக் குழித்துப் பிடித்தால் விறைத்து நிற்கும் இல்லையா, அதே கதைதான். கிங் கேம்ப் ஜில்லெட் 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் காப்புரிமை வாங்கிய ரேசரின் சூட்சுமமும் இந்த வளைவுதான். அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டில் கூர் பிடிக்காது என்று பலர் கைவிரித்த வேலையை வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் முடித்துக்கொடுத்தார். விற்பனை தொடங்கிய 1903-இல் போனது 51 ரேசர், 168 பிளேடு. நாலு செய்து மூன்றைக் குப்பையில் போட்டவனுக்கு அந்தக் கணக்கைப் படித்தால் கொஞ்சம் ஆறுதல்.

பிளாஸ்டிக்கில் ரேசர் என்பது புதிதில்லை; பேக்கலைட் என்ற பழைய கெட்டிப் பிளாஸ்டிக்கில் வெகுகாலம் முன்பே வந்தாயிற்று. ஆனால் பேக்கலைட் ஒருமுறை இறுகினால் சூட்டுக்கு இளகாது. நம் பிரிண்டர் உருக்கி அடுக்கும் பிளாஸ்டிக் இழைகள் அப்படியில்லை. என் முதல் ரேசர் பி.எல்.ஏ. (PLA) என்ற வகை இழையில் செய்தது. பி.எல்.ஏ. சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும். நான் என் பழைய உலோக ரேசருக்குச் செய்வதுபோல் குவளையில் நல்ல வெந்நீர் ஊற்றி அதில் ரேசரை முக்கி வைத்தேன். வளைந்த பிளேடு ஒரு ஸ்பிரிங். நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும். இளகிய அடித்தட்டை அது ஒரு பக்கம் தள்ளிவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை, தாடைக்குத் தெரிந்தது.

ஆகவே பெட்ஜி (PETG) என்ற வேறு வகை இழை. அது சுமார் 80 டிகிரியில்தான் இளக ஆரம்பிக்கும். அப்படியும் நான் வெதுவெதுப்பான தண்ணீரைத் தாண்டிப் போவதில்லை. திரவ ரெசினை ஒளியால் இறுக்கி அச்சிடும் ரெசின் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் வழவழப்பான ரேசர் கிடைக்கும் என்று ஆசைப்படுவார்கள். சரியாக இறுகாத ரெசின் தோலுக்கு ஆகாது. அதிலும் புதிதாக மழித்த தோலுக்கு. எனக்கு அந்தப் பந்தயம் வேண்டாம்.

இரண்டாவது ரேசர் முகம்வரை வரவேயில்லை. கைப்பிடியை நிற்கவைத்து அச்சிட்டிருந்தேன். முறுக்கும்போதே மரை இருந்த இடத்தில் 'டக்' என்று கேரட் போல ஒடிந்தது. அடுக்கு அடுக்காக வளர்ந்த பொருள் அடுக்குகளுக்கு நடுவேதான் பிரியும். கைப்பிடியைப் படுக்கவைத்து அச்சிடுங்கள். மூடியை மட்டும் நேர்மாறாக, குறுகிய முனை கீழே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். அப்போதுதான் பிளேடு உட்காரும் வளைவு படிக்கட்டு மாதிரி வராமல் ஒரே கோடாக வரும். பிளேடைப் பிடிக்கும் சின்ன முளைகளும் எளிதில் முறியாது. அடிப்பரப்பு சிறியது என்பதால் சுற்றிலும் மெல்லிய கரை (brim) கட்டி அச்சிட வேண்டும், இல்லையென்றால் பாதியில் சாய்ந்துவிடும். அடுக்கு 0.12 மி.மீ., உள்ளே முழுக்க நிரப்பு. பிளாஸ்டிக்கிலேயே மரை வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். மூடியின் நடுவில் தட்டைத் தலை எம்5 துருப்பிடிக்காத போல்ட்டை எப்பாக்சி வைத்து ஒட்டிவிட்டு, கைப்பிடியின் வாயில் அதற்கான நட்டை அழுத்திப் பொருத்தினால் போதும்.

இப்போது இடைவெளி. பிளேடின் கூருக்கும் அடித்தட்டின் விளிம்புக்கும் நடுவே இருக்கும் சந்துதான் ரேசரின் குணத்தைத் தீர்மானிக்கிறது. சந்து குறைந்தால் சாது, கூடினால் முரடு. கூடவே, மூடியின் ஓரத்துக்கும் அடித்தட்டின் ஓரத்துக்கும் மனதில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பிளேடின் கூர் அந்தக் கோட்டிலேயே நின்றால் நல்லது. கோட்டைத் தாண்டி வெளியே எட்டிப்பார்த்தால் முதல் ரேசருக்கு அது வேண்டாம். நான் திரையில் வரைந்தது 0.6 மி.மீ. மூன்றாவது ரேசரில் ஃபீலர் கேஜ் என்ற, சந்தை அளக்கும் மெல்லிய தகடுகளைச் செருகிப் பார்த்தபோது ஒரு பக்கம் 0.4, மறுபக்கம் 0.9. முளைகள் பிளேடின் துளைக்குள் தொளதொளவென்று இருந்ததால் பிளேடு ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தது. பிளேடைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வந்தது. அந்த ரேசரைத் திருத்த முயன்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்ததுதான் மிச்சம். முளையை 0.1 மி.மீ. தடிப்பாக்கி அடுத்ததை அச்சிட்டேன். இரண்டு பக்கமும் ஒன்றாக, ஆனால் 0.5 என்று வந்தது. இப்படிக் கொஞ்சம் குறைவாக வந்தால் கவலையில்லை. 0.1 மி.மீ. பிளாஸ்டிக் தாளை பிளேடின் அளவுக்குச் சற்றுக் குறுக்கலாக வெட்டி, துளையிட்டு, பிளேடுக்கு அடியில் வைத்தால் சந்து ஏறக்குறைய அந்த அளவு கூடும். அரத்தை எடுத்து விளிம்பை ராவும் யோசனை வந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ராவிய இடம் நேராக இருக்காது.

தோலில் படும் மேற்பரப்புகளை மட்டும் ஈர உப்புத்தாளால் தேயுங்கள். 400-ஆம் எண் தாளில் தொடங்கி, அதைவிட நைசான 800-இல் முடித்தேன். பிளேடு உட்காரும் முகங்களைத் தொடக்கூடாது.

சோதனை என் வீட்டில் இந்த வரிசையில்தான் நடக்கிறது. பிளேடு இல்லாமல் ரேசரை முறுக்கி, வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் போட்டு எடுத்து, அடித்தட்டை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்துப் பார்ப்பேன். மூலை தூக்கினால் அங்கேயே முடிந்தது. பிறகு பிளேடு. விரல் இறுக்கம் போதும். அதற்குமேல் முறுக்கினால் அடித்தட்டின் இரு முனைகளும் வளைந்து சந்து மாறிவிடும். பல்குத்தும் குச்சியால் பிளேடின் நான்கு மூலைகளையும் மெல்லத் தள்ளுங்கள். கொஞ்சம் அசைந்தாலும் அந்த பிளேடு மழிக்கும்போது அதிரும், அதிர்ந்தால் கிழிக்கும்.

அடுத்தது பலூன். ஊதிக் கட்டி, சோப்பு நுரை பூசி, நுரையை வழித்தெடுக்க வேண்டும். என் மகள் இதற்கென்றே காத்திருப்பாள். மூன்றாவது ரேசரின் முரட்டுப் பக்கம் பட்டதும் பலூன் வெடித்து, சுவர், கண்ணாடி, என் மூக்குக்கண்ணாடி எல்லாம் நுரை. "அப்பா, அது உங்க மூஞ்சியா இருந்தா?" என்றாள். நல்ல கேள்வி. நான்காவது ரேசர் மூன்று பலூன்களைப் பத்திரமாக வழித்தது. அதன்பின் முன்கையில் ஒரு பட்டை.

முகத்துக்கு வரும்போது முதல் நாள் கன்னங்கள் மட்டும், முடி வளரும் திசையில் மட்டும். கழுத்தும் மேலுதடும் மறுநாள். மூடியைக் கன்னத்தில் படுக்கவைத்து, கைப்பிடியை மெல்ல இறக்கிக்கொண்டே வாருங்கள்; ஏறக்குறைய 30 டிகிரியில் கூர் முடியைத் தொடுவது கேட்கும். அந்தக் கோணத்தை விடாமல் சின்னச் சின்ன இழுப்பு. உலோக ரேசர் பழகியவர்களுக்கு இங்கே ஒரு பொறி உண்டு. அதன் கனமே வேலையைச் செய்துவிடும், கை சும்மா வழி காட்டினால் போதும். பிளாஸ்டிக் ரேசர் இறகு மாதிரி இருப்பதால் கை தன்னையறியாமல் அழுத்தும். என்னுடையது 22 கிராம்தான் இருந்தது. கைப்பிடிக்குள் குழல் விட்டு, பழைய எம்8 போல்ட் ஒன்றைச் செருகி அடைத்த பிறகு 49 கிராம். அழுத்தும் பழக்கம் அன்றே குறைந்தது. சத்தமும் வேறு மாதிரி: உலோகத்தில் கேட்கும் கரகரப்பு இதில் மந்தமாக, அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். திடீரென்று 'டர்ர்' என்று அதிர்ந்தால் நிறுத்தி இறுக்கத்தைப் பாருங்கள்.

மழித்தானதும் படிகாரத்தை நனைத்து முகம் முழுக்கத் தடவுங்கள். எங்கே சுரீரென்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். எனக்கு முதல் வாரம் முழுதும் வலது தாடைதான் கத்தியது.

ரேசரை இறுக்கியபடியே வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஓயாத அழுத்தத்தில் பிளாஸ்டிக் மெல்ல மெல்லத் தளர்ந்து கொடுத்துவிடும். தினமும் கழற்றி, பிளேடைத் தனியாக வைத்து, அச்சு வரிகளில் சிக்கிய சோப்பைப் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவி உலரவிடுங்கள். கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யும் ரகமில்லை இது. அதனாலேயே இன்னொருவர் முகத்துக்கு நான் இதைத் தருவதில்லை, மைத்துனர் கேட்டும் தரவில்லை.

பத்து சவரத்துக்கு ஒருமுறை ஃபீலர் கேஜ் போட்டு அளக்கிறேன். முளைகளின் அடியையும் வெளிச்சத்தில் பார்க்கிறேன். பெட்ஜி முறிவதற்கு முன் வளையும் இடத்தில் வெளுக்கும். நேற்று, 31-ஆவது சவரத்துக்குப் பிறகு, இடது முளையின் அடியில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. மூடியை உடைத்துப் போட்டுவிட்டேன். புதியது பிரிண்டரில் பாதி வளர்ந்திருக்கிறது. மகள் பலூன் ஊதிக்கொண்டிருக்கிறாள்.