மெழுகிலேயே கல் பதித்து வார்ப்பது எப்படி?

கோயம்புத்தூரில் எங்கள் பட்டறையில் பொடிக்கல் வைத்த வெள்ளி மோதிரம் என்றால், வார்த்த பிறகு ஒவ்வொரு கல்லாகப் பதித்துக்கொண்டு உட்காருவதில்லை. மெழுகு மாதிரியிலேயே கல்லைப் பதித்து, கல்லோடு சேர்த்தே வார்த்துவிடுகிறோம். மெழுகு சொன்னபடி கேட்கும், வேலை சீக்கிரம் நகரும். ஆனால் அந்தக் கல் பர்னஸுக்குள் மணிக்கணக்காக வெந்து, கடைசியில் உருகிய வெள்ளியையும் தாங்க வேண்டும். எனவே முதல் வேலை கல்லைத் தேர்ந்தெடுப்பதுதான்.

வைரம், மாணிக்கம், நீலம், கார்னெட், நாம் ஏ.டி. (அமெரிக்கன் டைமண்ட்) என்று சொல்லும் சி.இசட் (கியூபிக் சிர்கோனியா என்கிற செயற்கைக் கல்) ஆகியவை தாங்கும். முத்து, பவளம், ஓபல் உள்ளே போனால் திரும்பி வராது. மரகதத்தில் இயற்கையாகவே வெடிப்புகள் உண்டு, அவற்றில் எண்ணெயும் ஏற்றியிருப்பார்கள், வேண்டாம். செவ்வந்திக்கல் ஊதா நிறம் போய் வெளுத்துவிடும், அல்லது மஞ்சளாகிவிடும். மாணிக்கத்திலும் கண்ணாடி நிரப்பியது கூடாது, சூட்டில் கண்ணாடி இளகிவிடும். விரிசல் நிரப்பிய வைரத்துக்கும் இதே கதைதான். நவரத்தின மோதிரத்தை இப்படி வார்க்க முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முத்தும் பவளமும் இருக்கும்போது எப்படி? அதற்குக் கைப்பதிப்புதான்.

புது பாக்கெட் கல் வந்தால், அதில் இரண்டை எடுத்து இன்வெஸ்ட்மென்ட் பவுடர் (மெழுகு மாதிரியைச் சுற்றிக் குழைத்து ஊற்றி அச்சாக்கும் மாவு) கட்டிக்குள் புதைத்து, வழக்கமான சூட்டில் ஏற்றி இறக்குங்கள். ஆறியதும் பாக்கெட்டில் இருக்கும் கல்லோடு வெயிலில் ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பவர் சொல்வதைவிட இந்தச் சோதனையை நான் நம்புவேன்.

அடுத்தது மெழுகில் பதிப்பது. இதில்தான் பொறுமை வேண்டும். கொஞ்சம் வளைந்து கொடுக்கிற இன்ஜெக்ஷன் மெழுகாக (உருக்கி அச்சுக்குள் செலுத்தும் ரகம்) எடுங்கள். உடைகிற ரகத்தில் பிடிகள் (கல்லின் விளிம்பைப் பிடிக்கும் சின்ன நகங்கள்) நிற்காது. கல்லைக் குழியில் நேராக உட்காரவைத்து, மெழுகுப் பேனாவின் சூடான நுனியால் பிடியை லேசாகத் தொட்டு, விளிம்பின் மேல் இழுத்துவிடுங்கள். கல்லின் மேல்முகத்தில் மெழுகுப் படலம் துளிகூட இருக்கக்கூடாது. அந்த இடத்தில் உலோகம் ஏறிவிடும். கல்லுக்கு அடியில் துளை திறந்தே இருக்க வேண்டும். மெழுகு எரிந்து போனபின் கல்லைப் பிடித்திருப்பது மேலும் கீழும் உள்ள பவுடர் மட்டும்தான். அடித்துளை மூடியிருந்தால் கல் ஆடி, சாய்ந்த நிலையிலேயே உறைந்துவிடும்.

வரிசைக் கற்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்காதீர்கள். உலோகம் ஆறும்போது சுருங்கும், கற்கள் நெருங்கும். விளிம்பும் விளிம்பும் முட்டினால் சில்லு தெறிக்கும். நடுவில் தலைமுடி அளவு சந்து விட்டால் போதும். மோதிர அளவையும் மெழுகிலேயே முடிவு செய்துவிடுங்கள். பின்னால் வெட்டிப் பற்றவைத்தால் கல்லுக்கு இன்னொரு சூடு.

பவுடர் கலக்கும்போது முகக்கவசம் கட்டாயம், அதில் சிலிக்கா இருக்கிறது. 100 கிராம் பவுடருக்கு ஏறக்குறைய 40 மில்லி தண்ணீர். வைரமாக இருந்தால் அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் போரிக் ஆசிட்டை வெந்நீராக இருக்கும்போதே கரைத்து, ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். கேரம் போர்டில் தூவுகிற அதே சரக்குதான். கடையில் சுத்தமானதாகக் கேட்டு வாங்குங்கள். சூட்டில் காற்று பட்டு வைரத்தின் முகம் மங்காமல் அது காக்கும். வேக்கும் பம்ப் வைத்து காற்றுக் குமிழி எடுத்து, மெழுகு மாதிரி நிற்கிற பிளாஸ்க்கின் (உலோக உருளை) ஓரமாக ஊற்றுங்கள். கல் மேலேயே ஊற்றினால் இடம் பெயரும்.

பர்னஸில் அவசரம் கூடாது. நாங்கள் 150 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம், 370-ல் இரண்டு, 630-ல் மூன்று வைத்து, அப்புறம் 500-க்கு இறக்கி ஒரு மணி நேரம் நிறுத்துகிறோம். பிளாஸ்க் பெரியதென்றால் நேரம் கூடும். கல் இல்லாத காஸ்டிங்கில் 700-ஐத் தாண்டுவோம், இங்கே அது வேண்டாம். 925 வெள்ளியை (92.5 சதவீதம் வெள்ளி கலந்தது) 970 டிகிரி வாக்கில் ஊற்றலாம்.

ஊற்றி முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். சாதாரண காஸ்டிங் என்றால் கால் மணி நேரத்தில் பிளாஸ்க்கைத் தண்ணீரில் முக்கி, 'புஸ்' என்று பவுடர் சிதறுவதைப் பார்க்கலாம். கல் இருக்கும்போது அதைச் செய்தால் சி.இசட் கூட உள்ளுக்குள் வெடித்துப் பால்போல் ஆகிவிடும். வெறுங்கையால் தொடும் அளவுக்குப் பிளாஸ்க் ஆறட்டும், அதற்கு மணிக்கணக்கு ஆகும். ஃபேன் போட்டு ஆற்றுவதும் வேண்டாம். பிறகு பவுடரை உதிர்த்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டு எடுங்கள். ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் பக்கமே போகாதீர்கள். சில கற்களையும் அரிக்கும், ஆளையும் கெடுக்கும்.

பாலிஷுக்கு முன் லென்ஸில் ஒவ்வொரு கல்லாகப் பாருங்கள். ஒன்று உடைந்திருந்தால் அடித்துளை வழியாக ஊசியால் தள்ளி எடுத்து, குழியை பர்ரால் (சுழலும் சின்ன வெட்டுமுனை) சுத்தம் செய்து, அதே பாக்கெட்டில் இருந்து வேறு கல்லைக் கையால் பதித்துவிடலாம். அதற்காக பாக்கெட்டில் சில கற்களை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். அடுத்த பாக்கெட்டில் அளவு அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாது.