ஈமேக்ஸில் கோப்புறையை அழித்தபோது

ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பியில் கோப்புகளைப் பட்டியலிட்டுக் கையாள உதவும் டைரெட் பகுதியில், காலியான 'பழையவை' கோப்புறையை அழிப்பதாக நினைத்துப் பெரிய டி விசையை (ஷிஃப்டுடன் டி) அழுத்தினேன். சுட்டியோ ஒரு வரி கீழே, மூன்று மாதக் கட்டுரை வரைவுகள் இருந்த கோப்புறையின்மேல் நின்றிருந்தது. ஒவ்வொரு முறையும் உறுதி கேட்பது எரிச்சலூட்டுகிறதென்று, 'டைரெட்-ரிகர்சிவ்-டெலீட்ஸ்' என்ற மாறிக்கு (ஈமேக்ஸின் அமைப்புகளில் ஒன்று) 'ஆல்வேஸ்' என்ற மதிப்பை நானே முன்பு கொடுத்திருந்ததால், உள்ளே கோப்புகள் இருப்பதைப் பற்றிய தனி எச்சரிக்கை எதுவும் வரவில்லை. வழக்கமான ஒற்றைக் கேள்விக்குப் பெயரைப் படிக்காமலே ஆம் என்றுவிட்டேன். ஒரு வாரம் பழைய காப்புநகல் இருந்ததால் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது.

அந்த மாறியை இயல்பு மதிப்பான 'டாப்' என்பதற்கே மாற்றினேன். காலியாக இல்லாத கோப்புறையென்றால் அதன் பெயரைச் சொல்லி மறுபடி கேட்கும். இதைவிட முக்கியமானது, தொடக்கத்தில் அணைந்தே இருக்கும் 'டெலீட்-பை-மூவிங்-டு-டிராஷ்' மாறியை இயக்கியதுதான். இப்போது லினக்ஸில் நான் அழிப்பவை நிரந்தரமாகப் போகாமல் குப்பைத்தொட்டிக்குச் செல்கின்றன; அங்குள்ள 'இன்ஃபோ' கோப்புறையில் ஒவ்வொன்றின் பழைய இடமும் பதிவாகிறது.

பெரிய டி விசையை இப்போது தொடுவதில்லை. சிறிய டி விசையால் வரியின் தொடக்கத்தில் அழிப்புக் குறியிட்டு, ஐ விசையால் உள்ளடக்கத்தை அதே பக்கத்தில் விரித்துப் பார்த்த பிறகே எக்ஸ் விசையை அழுத்துகிறேன். தவறான வரியில் குறி விழுந்திருந்தால் யூ விசை அதை நீக்கிவிடும்.