சொட்டும் பாத்ரூம் குழாயை நீங்களே சரிசெய்யலாம்: உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை

பாத்ரூம் குழாய் சொட்ட ஆரம்பித்ததும் எல்லா வீட்டிலும் முதலில் செய்வது ஒன்றுதான். இன்னும் கொஞ்சம் இறுக்கித் திருகுவோம். சில நாள் நிற்கும். மறுபடி சொட்டும், இன்னும் பலமாக இறுக்குவோம். கடைசியில் அந்தக் குழாயைத் திறக்க வீட்டில் ஒருவரால்தான் முடியும் என்ற நிலை வந்துவிடும். குளிக்கப் போகும் பாட்டி பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

இப்படி இறுக்குவதால்தான் பல குழாய்கள் கெடுகின்றன. தரைத்தள வீடு, மாடியில் தொட்டி என்றால் தொட்டிக்கும் குழாய்க்கும் நாலைந்து மீட்டர் உயரம் இருக்கலாம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கொடுப்பதே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். அப்படியானால் உங்கள் குழாய்க்கு வருவது அரை பார்தான். நல்ல ரப்பர் இருந்தால் இரண்டு விரலால் மூடினாலே அதை நிறுத்திவிடும். நிற்கவில்லை என்றால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது, அல்லது ஏதோ மாட்டியிருக்கிறது. அதை எடுத்துப் பார்ப்பதுதான் வேலை.

நம் ஊரில் குழாய் ஏன் சீக்கிரம் போகிறது

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகளில் குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், புழங்க போர் தண்ணீர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-ல் அதைத் தொடங்கி வைத்தார்கள். அதனாலோ என்னவோ, குழாய் வாயில் வெள்ளை படிந்தால் "ஃபுளோரைடு அரிச்சிருச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வெள்ளைக்குப் பெரும்பாலும் ஃபுளோரைடு காரணமில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான் அப்படிக் காறையாகப் படிகின்றன. தண்ணீர் சூடாகும்போது இது இன்னும் வேகமாகப் படியும். கீசர் பக்கத்துக் குழாய் பச்சைத் தண்ணீர்க் குழாயை விட முந்திக்கொண்டு சொட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் காறைத் துணுக்கோ, போரில் ஏறி வரும் மணலோ ரப்பருக்கும் பித்தளைக்கும் நடுவில் உட்கார்ந்துவிடும். அதன் மேலேயே நாம் இறுக்கினால் ரப்பரில் பள்ளம் விழும்.

முதலில் எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். குழாயை மூடி, துணியால் முழுக்கத் துடைத்துவிட்டுச் சும்மா நின்று பாருங்கள்.

மூடியிருக்கும்போது வாயில் சொட்டினால் உள்ளே வாஷர் (தண்ணீரை அடைக்கும் ரப்பர் வட்டம்) அல்லது ஸ்பிண்டில் (கைப்பிடியோடு திரும்பும் உள்பாகம்) போயிருக்கிறது. திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடியின் கழுத்தில் கசிந்தால் தண்டைச் சுற்றியுள்ள பேக்கிங் அல்லது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தளர்ந்திருக்கிறது. குழாய் சுவரில் நுழையும் இடத்தில் ஈரம் என்றால் மரையில் சுற்றிய டெஃப்லான் டேப் போய்விட்டது. மூன்றும் வேறு வேறு வேலை. நிறைய பேர் சுவரோரக் கசிவுக்கு வாஷர் வாங்கி வருகிறார்கள்.

ஒன்று கவனியுங்கள். குழாயை மூடிய உடனே நாலைந்து சொட்டு விழுவது கசிவு ஆகாது. மூக்கில் தங்கிய தண்ணீர்தான் வடிகிறது. நீளமான மூக்குள்ள குழாயிலும் ஷவரிலும் இது கொஞ்சம் கூடவே இருக்கும். ஐந்து நிமிடம் கழித்தும் சொட்டினால்தான் கசிவு.

எவ்வளவு வீணாகிறது என்று பார்க்க ஒரு லிட்டர் பாட்டிலைக் கீழே வையுங்கள். ஒரு மணி நேரத்தில் நிறைந்தால் நாளைக்கு 24 லிட்டர், மாதத்துக்கு 720 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் 48 குடம்.

தேவையானவை

ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், பழைய துணி, பழைய பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் வினிகர், ஒரு டெஃப்லான் டேப். பைப் ரெஞ்சு வேண்டாம். அதன் பல் பட்டால் குழாயின் பளபளப்பு உரிந்துவிடும்.

தண்ணீரை நிறுத்துவது

இந்த இடத்தில்தான் நிறைய பேர் சிக்கிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் உள்ள வால்வை மூடுங்கள். இரண்டு மூன்று பைப் இறங்கினால் பாத்ரூமுக்கு எது போகிறது என்று ஒவ்வொன்றாக மூடிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் பெயின்ட்டில் ஓர் அடையாளம் போட்டுவிடுங்கள்.

பழைய பித்தளை கேட் வால்வு என்றால் உப்பு கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். சுத்தியலால் தட்டியோ ரெஞ்சு போட்டோ திருப்பவே கூடாது. உள்ளே தண்டு முறிந்தால் பத்து ரூபாய் வேலை தொட்டி வேலையாகிவிடும். அதற்குப் பதிலாகத் தொட்டி காலியாகும் நேரம் வரை பொறுங்கள். பெரும்பாலும் காலையில் எல்லோரும் குளித்து முடித்த பிறகு, அடுத்து மோட்டார் போடும் முன்னால் ஓர் இடைவெளி கிடைக்கும். அப்போது செய்யலாம். மோட்டார் சுவிட்ச் மேல் "போடாதீர்கள்" என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோவார்கள்.

கீசர் பக்கத்துக் குழாய் என்றால் கீசர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆறட்டும்.

அப்புறம் குழாயைத் திறந்து பைப்பில் மிச்சம் உள்ளதை வாளியில் பிடியுங்கள். தரையில் தண்ணீர் போகும் துளையைத் துணியால் அடையுங்கள். சின்ன ஸ்க்ரூ ஒன்று அதில் விழுந்தால் திரும்பக் கிடைக்காது.

திருகும் பித்தளைக் குழாய் (பல சுற்று சுற்றி மூடுவது)

கைப்பிடியைப் பாதி திறந்த நிலையில் வையுங்கள். மூடிய நிலையில் கழற்றினால் வாஷர் கீழே அழுந்தியபடி இருக்கும், மரைக்குச் சிரமம். கைப்பிடியின் தலையில் ஒரு சின்ன மூடி இருந்தால் நெம்பி எடுங்கள், அடியில் ஸ்க்ரூ இருக்கும். பல குழாய்களில் கைப்பிடியைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. அதன் கீழே ஆறு பட்டையுள்ள நட்டு வெளியே தெரியும்.

அந்த நட்டைத் துணி சுற்றி ஸ்பேனரால் பிடித்து இடப்பக்கம் திருப்புங்கள். இப்போது இன்னொரு கை குழாயின் உடம்பை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். இந்தச் செய்முறையில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். சுவருக்குள் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பைப்பும் எல்போ என்ற வளைவுத் துண்டும்தான். குழாய் சேர்ந்து சுழன்றால் உள்ளே எல்போ விரிசல் விடும். அப்புறம் டைல்ஸை உடைக்காமல் முடியாது.

நட்டு வராவிட்டால் வினிகரில் நனைத்த துணியை அதன் மேல் அரை மணி நேரம் சுற்றி வையுங்கள். காறை இளகிவிடும். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு போதும். பாத்ரூம் ஆசிட் மட்டும் வேண்டாம், முலாம் கறுத்துவிடும்.

நட்டோடு ஸ்பிண்டில் மேலே வரும். அதன் நுனியில், அல்லது குழாய்க்குள்ளேயே தங்கிவிட்ட சின்னப் பித்தளைத் துண்டின் அடியில், வட்டமான கறுப்பு ரப்பர் இருக்கும். அதுதான் வாஷர். நடுவில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

புதியது போடும் முன் செல்போன் வெளிச்சத்தில் குழாய்க்குள் பாருங்கள். வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பை விரலால் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் பிரஷ் போட்டுக் காறையைத் தேய்த்துவிட்டு வாஷரை மாட்டலாம். பள்ளம் நெருடினால் எத்தனை வாஷர் போட்டாலும் சொட்டும். அதைச் சமப்படுத்தும் கருவி பிளம்பர்களிடம் இருக்கும். என்னைக் கேட்டால் அந்த நிலைக்கு வந்த குழாயை மாற்றுவதே மேல்.

கடைக்குப் போகும்போது பழைய வாஷரைக் கையில் எடுத்துப் போங்கள். "அண்ணா, அரை இஞ்ச் குழாய்க்கு வாஷர் குடுங்க" என்றால் கடைக்காரர் தருவது எல்லாக் குழாய்க்கும் பொருந்தாது. பழையதை மேலே வைத்துப் பார்த்து, வெளி விட்டமும் நடுத் துளையும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்து, இரண்டாக வாங்கி வையுங்கள். விலை சில ரூபாய்தான். கடை மூடியிருந்தால் பழைய வாஷரையே திருப்பிப் போட்டு ஒருநாள் ஓட்டலாம். ஹவாய் செருப்பில் வட்டம் வெட்டிப் போடும் வைத்தியம் வேண்டாம். அது பஞ்சு மாதிரி அமுங்கி, வாரத்தில் பழைய கதை.

கால் வட்டம் திருப்பும் குழாய்

கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினாலே முழுதாகத் திறந்தால் உள்ளே ரப்பர் வாஷர் கிடையாது, இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்குகின்றன. கழற்றும் விதம் அதேதான். ஸ்பிண்டிலை முழுசாக எடுத்து ஒரு கிண்ணம் வினிகரில் ஒரு மணி நேரம் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டிப் பாருங்கள். மணல் மட்டும்தான் பிரச்சினை என்றால் சொட்டுவது நின்றுவிடும். தட்டில் கீறல் இருந்தால் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும்.

ஸ்பிண்டில் வாங்கும்போதும் பழையது கையில் இருக்கட்டும். நீளம், கைப்பிடி உட்காரும் பல்லின் எண்ணிக்கை, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்ற மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டுக்கும் எதிரெதிராகத் திரும்பும் ஸ்பிண்டில்கள் உண்டு. மாற்றி வாங்கினால் கைப்பிடி தலைகீழாக நிற்கும்.

மலிவான பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் இந்தப் பாடு வேண்டாம். புதிது வாங்கிவிடுங்கள்.

கழுத்தில் அல்லது சுவரோரம் கசிந்தால்

கழுத்துக் கசிவுக்கு அங்குள்ள சின்ன நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் ஓ-ரிங்கை மாற்றுங்கள். அதற்கும் பழையதைக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

சுவரோரம் என்றால் குழாயை முழுதாகக் கழற்றி, மரையில் உள்ள பழைய டேப்பைச் சுரண்டி எடுங்கள். மரை நுனி உங்களைப் பார்க்கும்படி பிடித்து, டேப்பை இழுத்துப் பிடித்தபடி கடிகார முள் சுற்றும் திசையில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் குழாயை மாட்டும்போதே டேப் பிரிந்து வந்துவிடும். கையால் முடிந்தவரை திருகி, கடைசியில் ஸ்பேனரால் மெதுவாக. மூக்கு நேராகக் கீழே வராமல் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள், திருப்பினால் அந்த இடம் கசியும். கழற்றி டேப்பை மறுபடி சுற்றுங்கள்.

மாட்டிய பிறகு

குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே மேலே வால்வை மெல்லத் திறக்கச் சொல்லுங்கள். காற்று இருமிக்கொண்டு வெளியேறும், கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர் வரும். அது தெளிந்த பிறகு மூடுங்கள். மூக்கு நுனியில் சல்லடை இருந்தால் இதற்கு முன்பே கழற்றிக் கழுவி, கடைசியாக மாட்டுங்கள். ராத்திரி படுக்கும் முன் குழாயைத் துடைத்துக் கீழே காய்ந்த வாளியை வையுங்கள். காலையில் வாளி காய்ந்தே இருந்தால் வேலை முடிந்தது.

குழாயை மாற்றிய பின்னும் டைல்ஸ் இடுக்கில் ஈரம் ஊறினால், சுவருக்குள் எல்போ ஆடினால், அல்லது சுவருக்குள் புதைத்த மிக்ஸரில் (வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் குழாய்) ஷவர் சொட்டினால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள். சின்ன வேலைக்கு ஆள் வரத் தயங்குவார்கள். போனில் வெறுமனே "குழாய் சொட்டுது" என்று சொல்லாமல், "வாஷர் மாத்தியாச்சுண்ணா, சுவருக்குள்ள இருந்து கசியுது" என்று சொல்லுங்கள். அவரும் அதற்கான சாமானோடு ஒரே நடையில் வந்துவிடுவார்.