பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கு மனநல ஆலோசகர் ஆவது எப்படி? தொடங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 17 வருடம் இருந்துவிட்டு ஹவில்தாராக ஊர் திரும்பியபோது அவருக்கு 37 வயது. கூடவே ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் ஆர்மி நம்பரும் எழுதியிருக்கும். அதை அவர் கட்டிலுக்கு அடியில் தள்ளவே இல்லை. லீவு முடிந்து கிளம்பப் போகிறவர் மாதிரி வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே மாதக்கணக்கில் வைத்திருந்தார். அம்மா அதன் மேல் ஒரு துணியை விரித்து, பேப்பர் வைக்கப் பயன்படுத்திக்கொண்டார். அந்தப் பெட்டி அங்கேயே ஏன் கிடக்கிறது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று வேலூர்ப் பக்கம் முன்னாள் படைவீரர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் பேசுவதுதான் என் வேலை. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பதால் ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை இங்கேதான் இருக்கிறது. இந்த வேலைக்கு எப்படி வருவது என்று கேட்டு எழுதுகிற தம்பி தங்கைகளுக்காக, நான் போன வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எந்த நாற்காலி உங்களுடையது என்று முடிவு செய்யுங்கள்

மனநலத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே வேலையைச் செய்பவர்கள் இல்லை. மாத்திரை எழுதுகிறவர் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். நோயைக் கணித்துச் சோதனைகள் செய்து சிகிச்சை தருகிறவர் மருத்துவ உளவியலாளர். இவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.-யில், பதிவு கட்டாயம். குடும்பம், வேலை, ஊர், அரசு உதவி என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறவர் மனநல சமூகப் பணியாளர். உட்கார்ந்து பேசி, ஒருவர் தன் சிக்கலைத் தானே அவிழ்க்கத் துணை நிற்பவர் ஆலோசகர்.

பட்டாளத்துக்காரர்களோடு வேலை செய்ய நான்குமே உதவும். என்னைக் கேட்டால், ஊர்ப்புறத்தில் இருக்கப் போகிறவருக்குச் சமூகப் பணி வழிதான் நல்லது. ஏனென்றால் அவர்கள் மனக்கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தூக்கமில்லை, பி.பி. ஏறிவிட்டது, பென்ஷன் பேப்பரில் பெயர் தப்பு என்றுதான் வருவார்கள். பென்ஷன் பேப்பரைப் படிக்கத் தெரிந்தவரிடம்தான் மற்ற கதையும் வரும்.

படி 2: படிப்பு

பி.எஸ்சி. உளவியல் 3 வருடம், எம்.எஸ்சி. உளவியல் அல்லது ஆலோசனை உளவியல் 2 வருடம் என்பது ஒரு பாதை. எந்தப் பட்டம் இருந்தாலும் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலை, சேர்ந்து, மருத்துவ, மனநல சமூகப் பணியைச் சிறப்புப் பாடமாக எடுப்பது இன்னொன்று. சென்னைப் பல்கலைக்கழகம், மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் ஆகியவற்றைப் பாருங்கள். மேலே போக வேண்டுமென்றால் பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. ‘வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. உளவியல்’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். மூன்று மாத டிப்ளமாவை வைத்துக்கொண்டு போர்டு மாட்டுவதும் வேண்டாம். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மருத்துவ உளவியலாளர் அல்லாத மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் பதிவுக்குள் கொண்டுவருகிறது. மருத்துவ உளவியல் படிப்பின் பெயரும் முறையும் மாறிக்கொண்டிருப்பதால், சேருமுன் அந்தக் கல்லூரிக்கு ஆர்.சி.ஐ. அனுமதி இருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. இணையதளத்திலேயே நீங்களே பாருங்கள்.

கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “நேரடியாக ஆட்களைப் பார்க்க எத்தனை மணி நேரம் கிடைக்கும், அதை யார் மேற்பார்வை செய்வார்கள்?” பதில் மழுப்பலாக வந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

படி 3: படிக்கும்போதே கேட்கப் பழகுங்கள்

சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்பில் இயங்கும் சிநேகா அமைப்பு தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து எடுக்கிறது. குடிநோய்க்கு அங்கேயே டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. இந்த மாதிரி இடத்தில் ஆறு மாதம் இருந்தால், பேசாமல் இருக்கும் ஒருவர் முன்னால் நீங்களும் பதறாமல் உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொள்வீர்கள்.

குடியைப் பற்றிக் கட்டாயம் படியுங்கள். ராணுவ கேன்டீன் கார்டில் மாதாமாதம் வரும் ரம் பல வீடுகளில் தூக்க மாத்திரையாகத்தான் பயன்படுகிறது. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம்; உயிரே போகலாம். அதனால் “நாளையிலிருந்து விட்டுடுங்க சார்” என்று அறிவுரை சொல்லாதீர்கள். முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள்.

படி 4: பட்டாளத்தின் பாஷையைக் கற்றுக்கொள்ளுங்கள்

இது எந்தப் பாடத்திட்டத்திலும் வராது, ஆனால் இதில்தான் வேலையின் பாதி இருக்கிறது. நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார் என்ற வரிசை தெரிய வேண்டும். சுபேதாராக இருந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். ‘சாப்’ என்றால் முகமே மாறும். இன்ஃபன்ட்ரிக்காரர், சிக்னல்ஸ்காரர், டிரைவர், சமையல்காரர் என்று ஒவ்வொருவரும் பார்த்தது வேறு வேறு. சியாச்சினில் இருந்தவரைத் துரத்துவது குண்டுச் சத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பனிச்சரிவில் தோண்டி எடுத்த நண்பனாகவும் இருக்கலாம்.

1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கை போன தமிழ் வீரர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். எதிரில் நின்றவரும் தமிழில்தான் அலறினார். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னை வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த அரசியலில் யார் சரி என்பதற்குள் நாம் போக வேண்டாம். நம் முன்னால் இருப்பவர் ஊரில் யாரிடமும் வாய் திறக்க முடியாமல் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர், அவ்வளவுதான். அவருக்குள் இருப்பது பயத்தைவிட மன உறுத்தலாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே மருந்து வேலை செய்யாது.

கடைசியாக, ‘ஷேப்’ என்ற மருத்துவத் தரவரிசை. ராணுவத்தில் ஒருவரின் உடல்தகுதியை ஐந்து எழுத்தில் எழுதுவார்கள். முதல் எழுத்தே மனநிலைக்குத்தான். அதில் தரம் இறங்கினால் ‘லோ மெடிக்கல் கேட்டகரி’; புரமோஷன், போஸ்டிங் எல்லாம் பாதிக்கப்படலாம். இது தெரியாமல் நான் செய்த தவறு இன்றும் உறுத்துகிறது. வேலையில் சேர்ந்த புதிதில், தூக்கமில்லாமல் தவித்த ஒருவரிடம், மனைவியும் பக்கத்தில் இருக்க, கேள்வித்தாளை நீட்டினேன். நெட்டுக்குத்தாக உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் செய்தார். கீழே கையெழுத்துப் போட்டு, ரேங்க்கும் நம்பரும் எழுதிக் கொடுத்தார். அப்புறம் வரவே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. ‘ஆமாம்’ என்று எழுதினால் வேலைக்கு ஆபத்து என்பது சர்வீஸ் முழுக்க ஊறிப்போன பழக்கம்.

படி 5: அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயைப் பற்றிப் படியுங்கள்

முதல் உலகப் போரில் ‘ஷெல் ஷாக்’ என்று சொன்னார்கள். வியட்நாம் போர் வீரர்களின் போராட்டத்துக்குப் பிறகு, 1980-இல்தான் பி.டி.எஸ்.டி. என்ற பெயரில் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது. அந்த நாட்டு முன்னாள் படைவீரர் துறையின் தேசிய பி.டி.எஸ்.டி. மையம் தன் பாடங்களையும் கேள்வித்தாள்களையும் இலவசமாகவே வைத்திருக்கிறது. அங்கே இருக்கும் ஐந்து கேள்வி சோதனையிலிருந்து தொடங்குங்கள். பயங்கர அனுபவம் ஏதாவது உண்டா என்று முதலில் கேட்டுக்கொண்டு, கடந்த ஒரு மாதத்தைப் பற்றி விசாரிப்பது அது: கெட்ட கனவோ வேண்டாத நினைப்போ வந்ததா, அதை நினைக்காமலிருக்கப் பாடுபட்டீர்களா, எப்போதும் உஷாராக, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டீர்களா, யாரோடும் ஒட்டாமல் மரத்துப்போனீர்களா, நடந்ததற்குத் தன்னையோ பிறரையோ குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தீர்களா. தாளாக நீட்டாமல் பேச்சில் கலந்து கேளுங்கள்.

இது வடிகட்டிதான், நோயைக் கணிப்பது உங்கள் வேலை இல்லை. சிகிச்சையில், 12 அமர்வு அளவில் போகும் எண்ணச் செயலாக்க முறைக்கும், அஞ்சும் நினைவைப் பாதுகாப்பாகத் திரும்பத் திரும்ப எதிர்கொள்ள வைக்கும் முறைக்கும் நல்ல ஆதாரம் உண்டு. முறையான பயிற்சி இல்லாமல் இரண்டையும் தொடாதீர்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன்: பட்டாளத்திலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு பி.டி.எஸ்.டி. கிடையாது. நான் அதிகம் பார்ப்பது, அடுப்படிவரை ‘இன்ஸ்பெக்ஷன்’ செய்கிற அப்பாவும், பதினேழு வருடம் தனியாக வீட்டை நடத்திய அம்மாவும் மோதிக்கொள்வதைத்தான். முப்பத்தேழு வயதில் ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரும்போது வரும் வெறுமை இன்னொன்று. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு வருடம் முடித்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளிலேயே, பென்ஷன் இல்லாமல் திரும்புவார்கள். அவர்களுக்கும் நாம் தயாராக வேண்டும்.

படி 6: முதல் சந்திப்பு

மேஜைக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள். கதவு தெரிகிற இடத்தில், சுவரை ஒட்டி நாற்காலி போடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருந்தால் பலரால் பேச முடியாது. “மனசுல என்ன பிரச்சினை?” என்று தொடங்கினால் “ஒண்ணுமில்ல மேடம், எல்லாம் ஓகே” என்று முடிந்துவிடும். “எந்த யூனிட் சார்? கடைசி போஸ்டிங் எங்கே?” என்று கேளுங்கள். ‘யாரையாவது சுட்டீர்களா’ என்று மட்டும் ஒருநாளும் கேட்காதீர்கள். அவர் சொல்லும்போது சொல்லட்டும்.

பேசுவது வெளியே போகாது என்பதை இப்படி உடைத்துச் சொல்வேன்: “இங்க பேசுறது பென்ஷன் ஆபீசுக்குப் போகாது. ஊர்ல யாருக்கும் தெரியாது. உங்க பையன் ஆர்மி செலக்ஷனுக்குப் போனா அங்கயும் போகாது. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் நான் இன்னொருத்தர்கிட்ட சொல்லியாகணும். அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்.”

படி 7: ஆபத்தைக் கேட்கத் தயங்காதீர்கள்

“செத்துடலாம்னு தோணியிருக்கா சார்?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ‘ஆமாம்’ என்றால் எப்படி, எதை வைத்து என்பதையும் கேளுங்கள். வங்கிக் காவல் வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு; கிராமத்தில் பூச்சிமருந்து எல்லா வீட்டிலும் உண்டு. அவை கைக்கெட்டாமல் போக வேண்டும். அன்றே, குடும்பத்தில் ஒருவரை வைத்து. அவரைத் தனியாக விடாமல் மனநல மருத்துவரிடம் கொண்டு சேருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். நீங்களும் உங்கள் போனில் பதிந்து வையுங்கள். படையினருக்கென்று புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் இதன் தனிப் பிரிவு ஒன்றும் தொடங்கியது.

படி 8: வேலை எங்கே கிடைக்கும்?

‘முன்னாள் படைவீரர் ஆலோசகர்’ என்ற பெயரில் விளம்பரம் வரும் என்று காத்திருக்காதீர்கள். முன்னாள் படைவீரர்களுக்காக 2003-இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தோடு இணைந்த தனியார் மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, குடிநோய் மறுவாழ்வு மையம், டெலி மானஸ் ஆகியவற்றில் சேர்ந்து, அங்கிருந்து இவர்களைத் தேடிப் போக வேண்டும். தொடக்கச் சம்பளம் குறைவுதான். வீட்டில் கடன் இருந்தால் அதையும் யோசித்து இறங்குங்கள்.

தேடிப் போவது எங்கே? உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு. உதவி இயக்குநரைப் பார்த்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள். கலெக்டர் ஆபீசில் முன்னாள் படைவீரர்களுக்கென்று நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம் எப்போது என்று கேட்டு, அங்கே போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். ஆலோசகர் என்று அன்றைக்குச் சொல்ல வேண்டாம். மனு எழுதத் தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் நிற்பார், இல்லையென்றால் கணவரின் டிஸ்சார்ஜ் புக்கைப் பிளாஸ்டிக் கவரில் மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் போய், “நான் எழுதித் தரட்டுமாம்மா?” என்று கேளுங்கள்.