விடை சரி, மதிப்பெண் இல்லை: ஒலிம்பியாட் கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணித ஒலிம்பியாடுக்கான முதல் கட்டத் தகுதித் தேர்வான ஐஓக்யூஎம்மில் நன்றாகச் செய்த பிள்ளைகள் அடுத்த கட்டமான ஆர்எம்ஓவில் (வட்டார கணித ஒலிம்பியாட்) சறுக்குவதைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். படிப்பு போதவில்லை என்று சொல்ல முடியாது. முதல் தேர்வில் 3 மணி நேரத்தில் 30 கேள்விகள். எல்லாவற்றுக்கும் விடை இரண்டு இலக்கத்துக்குள் ஒரு முழு எண். ஓஎம்ஆர் தாளில் வட்டத்தை நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது, அது எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆர்எம்ஓவிலும் அதே 3 மணி நேரம்தான், ஆனால் கேள்விகள் ஆறே ஆறு. அங்கே 'ஏன்' என்பதற்குத்தான் மதிப்பெண். விடை கிடைத்ததும் பேனாவை மூடிவிடும் பழக்கம் அங்கேதான் காலை வாரிவிடுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1 முதல் 100 வரையுள்ள எண்களில் சிலவற்றை எடுக்க வேண்டும். எடுத்தவற்றில் எந்த எண்ணும் இன்னொன்றை மீதியின்றி வகுக்கக் கூடாது. அதிகபட்சம் எத்தனை எண்கள் எடுக்கலாம்?

51 முதல் 100 வரை எடுக்கலாம் என்று மாணவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். 51-இன் இருமடங்கே 102 ஆகிவிடுவதால் இங்கே ஒன்று இன்னொன்றை வகுக்க வாய்ப்பே இல்லை. அப்புறம் இப்படி எழுதுகிறார்கள்: "இந்த 50 எண்களோடு வேறு எதைச் சேர்த்தாலும் அதன் மடங்கு ஒன்று ஏற்கெனவே உள்ளே இருக்கும். எனவே அதிகபட்சம் 50."

விடை சரி. நிரூபணம் இல்லை. 1 என்ற எண்ணை மட்டும் எடுத்துப் பாருங்கள். அதோடும் வேறு எதையும் சேர்க்க முடியாது, 1 எல்லாவற்றையும் வகுத்துவிடும். அப்படியானால் அதிகபட்சம் 1 என்று சொல்லலாமா? 100-க்குள் இருக்கும் 25 பகா எண்களை எடுங்கள். அங்கேயும் இனி ஒன்றும் சேர்க்க முடியாது. இனிச் சேர்க்க இடமில்லை என்பது வேறு, இதைவிடப் பெரிய தொகுப்பே கிடையாது என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் போகும் மதிப்பெண் கொஞ்சநஞ்சமல்ல.

சரி, எப்படி எழுத வேண்டும்? ஒவ்வொரு எண்ணையும் ஒற்றை எண் வரும்வரை இரண்டால் வகுத்துக்கொண்டே வாருங்கள். 96-இல் தொடங்கினால் 48, 24, 12, 6 என்று இறங்கி 3-இல் நிற்கும். இவை ஆறும் ஒரே குடும்பம். ஒரே குடும்பத்தில் இருவரை எடுத்தால் சிறியது பெரியதை வகுத்துவிடும். 100 வரை ஒற்றை எண்கள் 50, ஆகவே குடும்பங்களும் 50தான். 51 எண்களை எடுத்தால் ஏதோ ஒரு குடும்பத்திலிருந்து இருவர் வந்தே தீர வேண்டும். இப்போதுதான் கணக்கு முடிந்தது: 50 முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, 51 முடியாது என்பதற்கு ஒரு காரணம். இரண்டில் எது விடுபட்டாலும் பாதிக் கணக்குதான்.

சமனிலிக் கணக்குகளில் இதே தவறு தலைகீழாக வரும். அ, ஆ என்ற இரண்டு மிகை எண்களின் கூடுதல் 1. (அ + 1/அ)(ஆ + 1/ஆ) என்பதன் மிகக் குறைந்த மதிப்பு என்ன? ஏஎம்–ஜிஎம் (மிகை எண்களின் கூட்டுச் சராசரி அவற்றின் பெருக்குச் சராசரியைவிடக் குறையாது என்ற விதி) தெரிந்த பையன் உடனே பாய்வான்: ஒவ்வொரு அடைப்பும் குறைந்தது 2, எனவே பெருக்கல் குறைந்தது 4. சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் 4 வர வேண்டுமானால் இரண்டு எண்களும் 1 ஆக இருக்க வேண்டும், அப்போது கூடுதல் 2 ஆகிவிடும். 4-ஐத் தொடவே முடியாது. உண்மையான விடை 6.25, இரண்டும் அரையாக இருக்கும்போது வருவது. ஏஎம்–ஜிஎம் போட்ட அடுத்த வரியிலேயே 'சமம் எப்போது வரும்?' என்று எழுதிப் பார்த்தால் இந்தக் குழியில் விழ மாட்டீர்கள்.

அமைப்பைப் பார்த்து நம்பிவிடுவது இன்னொன்று. வட்டத்தின் மேல் புள்ளிகளைக் குறித்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோடுகளால் இணையுங்கள். மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வட்டம் எத்தனை துண்டாகிறது? ஒரு புள்ளிக்கு 1, பிறகு 2, 4, 8, 16. ஆறாவது புள்ளிக்கு எண்ணிப் பார்க்காமலே 32 என்று எழுதத் தோன்றும். வருவது 31. (புள்ளிகளைச் சம இடைவெளியில் குறித்து வரைந்தால் 30 வரும், நடுவில் மூன்று கோடுகள் ஒன்றாக வெட்டுவதால்.) சின்ன எண்களைப் போட்டுப் பார்ப்பது மிக நல்ல பழக்கம், அதை விடாதீர்கள். அது யூகம் தரும், அவ்வளவுதான்.

இருபுறமும் வர்க்கப்படுத்திவிட்டு, கிடைத்த விடைகளைப் பழைய சமன்பாட்டில் போட்டுப் பார்க்காமல் விடுவது, பூச்சியமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுப்பது, இவை பள்ளியிலேயே கேட்டுச் சலித்தவை. ஆனாலும் அவசரத்தில் பெரிய பிள்ளைகளே செய்கிறார்கள். நிரூபிக்க வேண்டியதிலிருந்து தொடங்கி '0 = 0' என்று முடிப்பதும் அப்படித்தான். ரஃப் தாளில் அந்த வழியில் தேடலாம். விடைத்தாளில் வரிகளைத் திருப்பி, தெரிந்ததிலிருந்து தொடங்கி எழுதுங்கள். திருப்பும்போது ஏதாவது ஒரு வரி திரும்ப மறுத்தால் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

நேர விஷயத்துக்கு ஒரு பழைய கதை. 1988-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த சர்வதேச ஒலிம்பியாடின் ஆறாவது கணக்கில் முழு 7 மதிப்பெண் வாங்கியவர்கள் 11 பேர்தான். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கணித மேதையான, அந்த மாதம்தான் 13 வயது நிறைந்த டெரன்ஸ் டாவோவுக்கு அதில் கிடைத்தது 1 மதிப்பெண். ஆனாலும் மற்ற கணக்குகளின் பலத்தில் அவர் தங்கம் வாங்கினார். ஆகவே கேள்வித்தாள் கைக்கு வந்ததும் எல்லாக் கணக்குகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஒரே கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு, உங்களால் முடிகிற இன்னொன்றைத் தொடாமலே விட்டுவிட்டு வெளியே வருவதைப் போல் வருத்தம் தருவது வேறில்லை.

வீட்டில் செய்யும் தவறுதான் எனக்கு மிகவும் கவலை தருவது: பத்து நிமிடம் முயன்றுவிட்டுத் தீர்வைப் புரட்டுவது. ஒரு கணக்கை இரண்டு மூன்று நாள் மனதில் வைத்திருங்கள். அப்புறமும் முடியாவிட்டால் தீர்வின் மேல் ஒரு தாளை வைத்து மறைத்துக்கொண்டு முதல் வரியை மட்டும் படியுங்கள். உடனே புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். தீர்வு முழுதும் படிக்க நேர்ந்தால், ஒரு வாரம் கழித்து வெற்றுத் தாளில் அதை முதலிலிருந்து எழுதிப் பாருங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறதோ, அந்த வரி உங்களுக்கு இன்னும் புரியவில்லை.