முந்திரிகை புடுங்கலாம் எண்டு நினைச்சுக்கொண்டு மொன்மார்த்துக்குப் போகாதேங்கோ

போன கிழமை பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, "தம்பி, நீர் பிரான்சில பரிஸ் நகரத்துக்குப் போய் வந்தனீர் தானே, மகன் ஒக்டோபருக்கு ரிக்கெற் போட்டிருக்கிறான், ஏதோ முந்திரிகைப்பழத் திருவிழாவாம், கூட்டிக்கொண்டு போறானாம், அங்க பழம் புடுங்க விடுவாங்களோ?" எண்டு கேட்டவ. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, ஏனெண்டா தங்கச்சி வீட்ட போய் நிக்கேக்க நானும் அச்சொட்டா இதே கேள்வியைத்தான் அத்தானிட்டக் கேட்டனான். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில இருந்து இப்ப கனபேர் பிள்ளையளைப் பாக்க விசிற் விசாவில போகினம், ஒக்டோபர்ல போனா பிள்ளையள் கட்டாயம் இந்த மொன்மார்த் மேட்டுத் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போவினம், எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பல்ல இருந்து நடக்கிற தூரம் தானே. அக்காவுக்குச் சொன்னதை மற்றாக்களுக்கும் எழுதி விடுவம் எண்டு தான் இது.

முதல்ல அந்தப் பழம் புடுங்கிற கதை. விடமாட்டினம். பெயர் தான் அறுவடைத் திருவிழா, ஆனா அறுவடை பெரும்பாலும் செப்டெம்பர் மாசமே முடிஞ்சு, பழமெல்லாம் நசுக்கி வைனுக்குப் போட்டிடுவினம். திருவிழா ஒக்டோபர் ரெண்டாவது வார இறுதியை ஒட்டி, புதன்ல இருந்து ஞாயிறு வரைக்கும் நடக்கும், அந்த நேரம் போய்ப் பாத்தா கொடியும் பழுத்த இலையும் தான் மிச்சம். தோட்டத்துக்குள்ளயும் சும்மா போகேலாது, சுத்திவரக் கம்பி வேலி, முன்கூட்டியே பதிஞ்சா தான் ஆள் வைச்சுக் காட்டுவினம். பதியாமல் போனா வேலியால எட்டிப் பாக்கிறது தான், இல்லாட்டி பக்கத்தில இருக்கிற மொன்மார்த் மியூசியத்துக்கு ரிக்கெற் எடுத்தா அதின்ர பூந்தோட்டத்தில நிண்டு மேலால வடிவாப் பாக்கலாம். நான் வேலியால தான் பாத்தனான், பாத்திட்டு அத்தானைத் திரும்பிப் பாத்தன், "இவ்வளவு தானோ?"

உண்மையா இவ்வளவு தான். முழுத் தோட்டமும் 1,556 சதுர மீற்றர், எங்கட கணக்கில ஆறு பரப்புக்குக் கொஞ்சம் கூட. இரணைமடுவுக்குக் கீழ ஒருத்தற்ற வயல் துண்டு இதை விடப் பெரிசு. பெரிய வெளி, கண்ணுக்கெட்டின தூரம் முந்திரிகை எண்டு நினைச்சுக்கொண்டு போனா ஏமாந்து தான் வருவியள், அப்பிடி ஒரு தோட்டம் பாக்க வேணுமெண்டா பரிசை விட்டு வெளிய றெயில் ஏற வேணும்.

ஆனா அந்த ஆறு பரப்பின்ர கதை தெரிஞ்சுகொண்டு போனா பார்வை வேற. மொன்மார்த் எண்டது முந்தி பரிசோட சேராத தனிக் கிராமம், 1860ல தான் நகரத்தோட சேத்தவை. அதுக்கு முன்னம் அந்த மேடு முழுக்கக் கன்னியாஸ்திரி மடத்தின்ர முந்திரிகை, பிறகு வீடு வர வர எல்லாம் அழிஞ்சு போச்சு. கடைசியா மிஞ்சி இருந்த துண்டிலயும் கட்டிடம் எழுப்பப் போகினம் எண்டேக்க, பூல்போ எண்டு படம் கீறுற ஒருத்தரும் அந்த இடத்து ஆக்களும் சேந்து எதிர்த்து, 1933ல முந்திரிகை நட்டு, 1934ல முதல் திருவிழா வைச்சவை. இது எங்களுக்குப் புதுசில்லைத் தானே, காணியை ஆரும் பிடிச்சுப் போடுவினம் எண்ட பயத்தில ராவோட ராவா நாலு தென்னம்பிள்ளை வைக்கிறது மாதிரி. அது தான் அந்தத் தோட்டம் வடக்குப் பாத்த சரிவில கிடக்குது, குளிர் நாட்டில முந்திரிகைக்கு வெயில் படுற தெற்குச் சரிவு தான் தேடுவினம், இவைக்கு நோக்கம் வைன் இல்லை, காணி. எனக்கு இதை மருமகள், அவளுக்குப் பதினொரு வயசு, வேலிக்குப் பக்கத்தில நிண்டு சொல்லித் தந்தவள், பிறகு தான் நான் அந்தத் தோட்டத்தை மதிச்சுத் திரும்ப ஒருக்காப் பாத்தனான்.

அந்த வைனை வாங்கிக் குடிக்கிறதைப் பற்றியும் கேப்பியள். காலங்காலமா அதை ஆக்கி வந்தது 18ம் வட்டார மெரி எண்ட நகரசபைக் கந்தோரின்ர நிலவறையில, அதாவது எங்கட பிள்ளையள் எங்களைக் கூப்பிட விருந்தினர் கடிதம் எடுக்கப் போய் வரிசையில நிக்கிற அதே மெரி. அரை லீற்றர் போத்தலா, கொஞ்சமாத்தான் வரும், வித்த காசு அந்த இடத்துச் சமூக வேலைக்குப் போகும், அதால விலையும் அதுக்கேத்த மாதிரித்தான். நல்ல வைன் குடிக்கிறதுக்கு எண்டு அதை வாங்கிறது பிழை, அது ஒரு ஞாபகப் பொருள். சனமே அந்த நாளில மொன்மார்த் வைனைப் பகிடி பண்ணுமாம், ஒரு அளவு குடிச்சா ரெண்டு அளவா வெளியால போகுமாம்.

அந்தப் பகிடியைச் சொல்லேக்க ரொயிலற் கதையும் சொல்லிப்போடுறன். நகரசபை வைச்ச ரொயிலற் பெட்டியள் றோட்டோரம் இருக்கு, காசில்லை, ஆனா ஒருத்தர் வெளிக்கிட்டா உள்ளுக்குத் தானாக் கழுவி முடியிற வரைக்கும் கதவு திறவாது, திருவிழா நேரம் அதுக்கு முன்னால இருக்கிற வரிசையைப் பாத்தா வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்த மாதிரி இருக்கும். சுகர் இருக்கிற ஆக்கள் வீட்டிலயே ரொயிலற்றுக்குப் போட்டு வெளிக்கிடுங்கோ, மேல ஒரு கடையில இருந்து கோப்பி குடிச்சா அங்கயே போகலாம்.

இனி எங்கட ஆக்கள் விடுற பெரிய பிழை. கோயில் திருவிழா மாதிரி நினைச்சுக்கொண்டு போறது. எங்களுக்கு மடு எண்டா ஓகஸ்ட் 15, வற்றாப்பளை எண்டா பொங்கலண்டு இரவு, கடைசி நாள் தான் முக்கியம், எல்லாச் சனமும் ஒரு இடத்தைப் பாத்துத் தான் போகும். இஞ்ச அப்பிடி மூலஸ்தானம் எண்டு ஒண்டு இல்லை. சக்ரே கேர் தேவாலயத்தைச் சுத்திச் சாப்பாட்டுக் கடையள், ஊர்வலம் வேற றோட்டால, பாட்டுக் கச்சேரி இன்னொரு முடக்கில, தோட்டம் பின்பக்கச் சரிவில. நாங்கள் சனிக்கிழமை ரெண்டு மணிக்குப் போய்த் தேவாலயத்துக்கு முன்னால நிண்டுகொண்டு "ஊர்வலம் எப்ப வரும், எப்ப வரும்" எண்டு பாத்தபடி, அது எங்களுக்குத் தெரியாமலே கீழ் றோட்டால போய் முடிஞ்சுது, மேளச் சத்தம் மட்டும் கேட்டது. ஊர்வலம் பாக்கத்தான் வேணும், வைன் செய்யிற ஊர்களில இருந்து சங்கக்காரர் நீட்டு அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு வருவினம், மொன்மார்த் ஆக்கள் கறுப்புப் போர்வையும் சிவப்புச் சால்வையுமா, சின்னப் பிள்ளையள் மேளம் அடிச்சுக்கொண்டு. ஆனா ஒவ்வொரு வருசமும் நேரமும் பாதையும் நிகழ்ச்சி நிரலில போடுவினம், பிள்ளையளை அதைப் பாக்கச் சொல்லிப்போட்டு வெளிக்கிடுங்கோ. கடையளும் கச்சேரியும் போதுமெண்டா வெள்ளி பின்னேரம் போங்கோ, சனி மத்தியானம் அந்த மேட்டில கால் வைக்க இடமிராது, குழந்தைப்பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனா அவ்வளவு தான், கல்லுப் பதிச்ச றோட்டு, வண்டில் குதிக்கும், பிள்ளை அழும்.

படி. இதைப் பற்றித் தான் அக்காவுக்கு ரெண்டு தரம் சொன்னனான், அவவுக்கு முழங்கால் வருத்தம். லாச்சப்பல்ல இருந்து ரெண்டாம் நம்பர் மெற்றோவில ரெண்டு ஸ்ரேசன் தள்ளி அன்வேர், எல்லாரும் அங்க தான் இறங்குவினம், இறங்கி மேல ஏறினா தேவாலயத்துக்குப் பக்கத்துப் படிக்கட்டு மட்டும் 222 படி. கயிறு இழுத்து ஏத்திற பெட்டி ஒண்டு இருக்கு, நவிகோ எண்ட பயண அட்டையில போகலாம், ஆனா திருவிழாவண்டு அதுக்கும் நீட்டு வரிசை. சிலபேர் கெட்டித்தனமா 12ம் நம்பர் பிடிச்சு அபெஸ்ல இறங்குவினம், அது பரிஸ் மெற்றோவில மிச்சம் ஆழமான ஸ்ரேசன்களில ஒண்டு, நிலத்துக்குக் கீழ 36 மீற்றர், லிப்ற் இருக்கு, அதுக்குச் சனம் நிக்குது எண்டு பொறுமையில்லாமல் சுத்துப் படியால ஏற வெளிக்கிட்டா பாதியில நிண்டு மூச்சு வாங்க வேண்டி வரும். நான் வாங்கினனான். சுவரில கீறி இருக்கிற படங்களை ரசிக்கிற மாதிரி ஒவ்வொரு திருப்பத்திலயும் நிண்டு நிண்டு.

வயசான ஆக்களுக்கு வசதி அதே 12ம் நம்பர்ல லமார்க் எண்ட ஸ்ரேசன். பஜோல் றோட்டு மாணிக்கப் பிள்ளையாரைக் கும்பிட்டிட்டு மாக்ஸ் டோர்முவாவில ஏறினா மூண்டாவது ஸ்ரேசன், அங்கயும் லிப்ற் இருக்கு, வெளிய வந்தா தோட்டத்தின்ர பக்கமே நிப்பியள், கொஞ்சப் படி ஏற வேணும், ஆனா 222 இல்லை. தோட்டத்து மூலையில ஒரு பழைய றோசாக் கலர் வீடு நிக்கும், லாப்பன் அஜில், பிக்காசோ மாதிரிப் பேர்போன ஓவியக்காரர் ஏழையா இருந்த காலத்தில வந்து போன தவறணை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. 40ம் நம்பர் பஸ் ஒண்டும் மேட்டைச் சுத்தி ஓடுறது தான், திருவிழாவுக்கு றோட்டை மறிச்சா அதை நம்பேலாது.

நவிகோ எண்டோன்ன ஞாபகம் வருது, கிழமை அட்டை எடுத்தா அது எடுத்த நாளில இருந்து ஏழு நாள் இல்லை, திங்கள்ல இருந்து ஞாயிறு தான். வெள்ளிக்கிழமை போய் எடுத்தா அடுத்த கிழமைக்குத் தான் தரும், கனபேர் இதில காசு விட்டிருக்கினம்.

நான் காசு விட்டது வேற இடத்தில. தேவாலயத்துக்குக் கீழ படி தொடங்கிற இடத்தில நாலைஞ்சு பெடியள் கலர் நூலோட நிண்டவங்கள், ஒருத்தன் சிரிச்சுக்கொண்டு வந்து கையைக் காட்டச் சொன்னான், எனக்குக் கோயில்ல ஐயரிட்ட நூல் கட்டுற பழக்கம், வலது கையை நீட்டிப்போட்டன். ரெண்டு செக்கன்ல சுத்தி முடிஞ்சு போட்டான், அறுக்கேலாது, பிறகு இருபது யூரோ கேக்கிறான், மற்றவன் இந்தப் பக்கம் வந்து நிக்கிறான். தங்கச்சி ஓடி வந்து பிரெஞ்சில சத்தம் போட்ட பிறகு அஞ்சு யூரோவோட விட்டாங்கள், இண்டைக்கும் அவள் போன்ல கதைக்கேக்க "அண்ணா நூல் கிடக்கோ" எண்டு தான் தொடங்குவாள். கையை ரெண்டு பொக்கற்றுக்குள்ளயும் விட்டுக்கொண்டு நிக்காமல் நடவுங்கோ, ஒரு வார்த்தையும் கதைக்காதேங்கோ. கப்பை மூடி உருட்டிற விளையாட்டும் அப்பிடித்தான், வெல்லுறவன் அவங்கட ஆள். பெண்டுகள் தாலிக்கொடியைச் சட்டைக்கு உள்ளுக்கு விடுங்கோ, பாபேஸ் ஸ்ரேசன் நெரிசலுக்குள்ள எங்கட ஆக்கள் தங்கம் போடுவினம் எண்டு களவெடுக்கிறவனுக்கும் தெரியும். பாஸ்போட்டைக் கொண்டு திரியிறதெண்டா கைப்பையில வேண்டாம், உள் பொக்கற்றில.

சாப்பாடு. ஒக்டோபர் ரெண்டாவது சனி எப்பவும் எங்கட புரட்டாசிக்குள்ள தான் விழும், புரட்டாசிச் சனி பிடிக்கிற ஆக்களுக்கு ஊர்வல நாள் விரத நாள். கடையளில இருக்கிறது எல்லாம் பண்டி இறைச்சிச் சொசேஜ், வாத்து ஈரல், சிப்பி, உருக்கின சீஸ், மச்சம் சாப்பிடாத ஆக்கள் "சும்மா தோசை மாதிரித் தானே" எண்டு கிரேப் வாங்குவினம், மாவுக்குள்ள முட்டை. சீஸும் பாணும் பழமும் தான் அவைக்கு மிஞ்சும், இல்லாட்டி லாச்சப்பல்ல இடியப்பம் சாப்பிட்டு ஏறுறது புத்தி. குடிக்கிற ஆக்களுக்கு ஒண்டு, ஒவ்வொரு கடையிலயும் வாய் நனைக்கிற அளவு தான் ஊத்துவினம், ஆனா கடை ஒண்டில்லை, பத்தாவது கடையில அத்தான்ர சிநேகிதர் ஒருத்தர் பிரெஞ்சுக்காரரோட தமிழில கதைக்கத் தொடங்கினவர், அவரும் தலையை ஆட்டிக்கொண்டு நிண்டவர்.

கஸ்தான் எண்ட ஒரு கொட்டையைச் சுட்டு விப்பாங்கள், கடதாசிச் சுருளில போட்டு, பலாக்கொட்டை சுட்ட மாதிரி, வாங்கிச் சாப்பிடுங்கோ. ஆனா பார்க்கில மரத்துக்குக் கீழ அதே மாதிரி மினுமினுத்துக்கொண்டு கொட்டிக் கிடக்கிறதைப் பொறுக்கிக்கொண்டு வந்து அவிக்காதேங்கோ, அது வேற சாதி, நஞ்சு, வயித்தைப் பிரட்டி ஆஸ்பத்திரிக்குத் தான் கொண்டுபோகும். காட்டில பாலைப்பழமும் வீரப்பழமும் பொறுக்கித் திண்டு வளந்த கை எங்களுக்கு, கண்டோன்ன குனியத்தான் வரும்.

உடுப்பைப் பற்றி ஒரு வரி, சீலை கட்டினாலும் காலுக்குச் சப்பாத்து, பின்னேரம் ஏழு ஏழரைக்கு இருண்டோன்ன மேட்டில காத்து உறைக்கும்.

அபெஸ் பக்கம் இன்னொரு கூத்து நடக்கும், சோடி சோடியா மேடைக்கு வந்து "நான் உன்னைக் கலியாணம் கட்டக் கேக்கமாட்டன்" எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லுவினம், கலியாணம் வேண்டாம், அன்பு காணும் எண்டு. அக்காவுக்கு இதைச் சொன்னதும் சிரிப்பு நிண்டுபோச்சு, மகனுக்கு முப்பத்திநாலு, சாதகம் மூண்டு தரகர் கையில சுத்துது.

"அப்ப தம்பி, நான் வெள்ளிக்கிழமை பிள்ளையாரைக் கும்பிட்டிட்டு, நீர் சொன்ன அந்த மூண்டாவது ஸ்ரேசன்ல இறங்கித் தோட்டத்தைப் பாக்கிறன், சனிக்கிழமை அவனை வீட்டை விட்டு வெளிக்கிட விடமாட்டன்" எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போட்டா.