வீட்டில் குரல் பதிவு: முதல் மைக்கை இணைப்பது முதல் துடைப்பது வரை

நம் வீடுகளில் ஃபேன் ஓடும், தெருவில் வண்டி போகும். கண்டென்சர் என்ற வகை மைக் அதையெல்லாம் நுணுக்கமாகப் பிடித்துவிடும். அதனால் முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு அந்த அளவுக்கு நுணுக்கமாகப் பிடிக்காத டைனமிக் மைக்கைத்தான் சொல்வேன். 1966 முதல் மேடைகளில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 அந்த வகைதான். கம்ப்யூட்டரோடு இணைக்க ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டியும், மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் கேபிளும் வேண்டும்.

1. இணைப்பு

இன்டர்ஃபேஸில் கெயின் (மைக்கின் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு) திருகைக் குறைத்துவிட்டு கேபிளைச் செருகுங்கள். 48 வோல்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். அது கண்டென்சருக்கான மின்சாரம். டைனமிக்குக்குத் தேவையில்லை, அணைத்தே வையுங்கள்.

2. தூரம்

பதிவு நன்றாக வருவதும் வராததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். அதை இரட்டிப்பாக்கினால் உங்கள் குரல் சுமார் 6 டெசிபல் குறையும், ஃபேன் சத்தமோ அப்படியே இருக்கும். பிறகு கெயினை ஏற்றினால் ஃபேனும் சேர்ந்து ஏறும். விலை உயர்ந்த மைக் வாங்கினாலும் இது மாறாது. ரொம்ப ஒட்டிப் பேசினாலும் சரிவராது, குரலில் அடித்தொனி கூடிவிடும்.

வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் சற்று ஓரமாகத் திருப்பி வையுங்கள். ‘பப்பாளி’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ப’ வெடித்தால் இன்னும் கொஞ்சம் திருப்புங்கள். எஸ்எம்58 போன்ற மைக்குக்கு முன்பக்கம்தான் நன்றாகக் கேட்கும். அதனால் சத்தம் வரும் ஜன்னலை மைக்கின் வால்பக்கம் பார்க்கட்டும். வலைக்கூண்டைக் கையால் பொத்திப் பிடித்தால் இந்தப் பயனே போய்விடும்.

3. கெயின்

“ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று மெதுவாகச் சொல்லி அளவு வைக்காதீர்கள். நிஜமாகப் பேசப்போகும் வேகத்திலும் சத்தத்திலும் பேசுங்கள். பதிவு செய்யும் மென்பொருளின் அளவுகாட்டியில் உச்சம் -12 டெசிபல் பக்கம் வந்தால் சரி. 0-வைத் தொட்டால் குரல் கிழியும், பின்னால் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது.

4. சத்தமே வரவில்லையா?

மைக்கில் சுவிட்ச் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அடுத்து வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். மைக்கைவிடக் கேபிள்தான் அடிக்கடி கெடும். அப்புறம் விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட்டாக இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா, பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோன் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இடது காதில் மட்டும் கேட்டால் மோனோவில் (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி) பதிவு செய்யுங்கள். ‘ம்ம்’ என்ற இரைச்சல் லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் நின்றால், கோளாறு மின் இணைப்பில்தான், மைக்கில் இல்லை.

5. பராமரிப்பு

எஸ்எம்58-இன் வலைக்கூண்டைத் திருகிக் கழற்றலாம். அதையும் உள்ளிருக்கும் ஸ்பாஞ்சையும் சோப்புத் தண்ணீரில் அலசி, ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே மாட்டுங்கள். மைக்கின் உடல்மேல் தண்ணீர் படவே கூடாது. ஊதியோ தட்டியோ சோதிக்க வேண்டாம். கேபிளை முழங்கையில் இறுக்கிச் சுற்றினால் உள்கம்பிகள் முறுக்கிக்கொள்ளும். அதன் போக்கிலேயே பெரிய வட்டமாகச் சுற்றி வையுங்கள். பின்னாளில் கண்டென்சர் வாங்கினால் அதை ஈரக்காற்று படாமல், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.